நவிர மலைக்கு ஒரு பிரயாணத் திட்டம்

ஆரணி என்றதும் தமிழ்நாட்டுப் பெண்மணிகளுக்குப் பட்டுச் சேலை ஞாபகம் வரும். அவர்களுடைய கணவன்மார்களுக்குச் சேலையின் விலை ஞாபகம் வரும். சமையற்கட்டில் அரசு செலுத்துகிறவர்களுக்கு ஆரணி அரிசி ஞாபகம் வரும். சரித்திரம் படித்தவர்களாயிருந்தால், 1751-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கிளைவ் இந்த ஊருக்கருகே ராஜா சாகிபின் சேனையை முறியடித்ததும், 1782-ல் ஐதர் அலியும் ஸர் அயர் கூட்டும் இங்கே மோதிக் கொண்டதும் நினைவுக்கு வரலாம். ஆரணி என்றதும் மலை ஞாபகம் வருகிற மனிதரை மட்டும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. கமண்டல நாகநதிக் கரையில் எங்கள் ஊர் சமதரையில் பரந்து கிடக்கிறது. நெசவாளர் தெருக்களிலே விடியற்காலை தொடங்கித் தறியின் சப்தம்தான். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தவருக்குக் கண்ணெதிரே பாவும், பக்கவாட்டிலே சுவரும்தான் காட்சி. ஆயினும் ஆரணியிலிருந்து போளூர் வரை போய்த் தென்மேற்கே பார்த்தால், வானத்தைக் குத்திக் கொண்டு நிற்கும் ஒரு கூரிய சிகரம் தென்படும். அதற்குப் பர்வதமலை என்று பெயர். பர்வதம் என்றாலும் மலை, மலை என்றாலும் மலை. இரண்டு முறை சொல்லத் தகுந்த மலை என்றே எண்ணிக் கொள்ளலாம்.

நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயன். பூகோள பாடத்தில் பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரம் எது என்று கேட்டால், ஸ்காட்லாந்திலுள்ள பென் நெவிஸ் என்று பையன்கள் பளிச்சென்று பதில் சொல்லுவார்கள். உயரம் 4,413 அடி என்றும் சேர்த்துச் சொல்லுவான் ஒரு கெட்டிக்காரன். பர்வதமலையின் உயரம் என்ன என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். சுமார் 4,500 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது, பிரிட்டன் தேசத்தின் சிகரங்களுக்கெல்லாம் சிகரமான மலைக்கு நிகரான ஒன்று, நம் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நிற்கிறது. பென் நெவிஸின் அடிவாரம் ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே இருப்பதால் ஏற வேண்டிய உயரம் அங்கே சற்று அதிகம். நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்துக்காரர்களிடமிருந்து நாம் கற்றுக் கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. தங்கள் மலைகளை அவர்கள் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். 1891-ல் ஸர் ஹியூ மன்ரோ என்பவர் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளின் ஜாபிதா ஒன்றைப் பிரசுரித்தார். இன்று அந்த ஜாபிதாவில் 282 மலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏறி முடிப்பதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டவர்கள் அங்கே பலர். அடுத்த வருஷம், 1892-ல், வில்லியம் நெய்ஸ்மித் என்னும் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் வகுத்தார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேற்கொண்டு ஒரு மணி நேரம். மலைக்குப் போகிறவன் வீட்டிலிருந்தபடியே காகிதமும் பென்சிலும் கொண்டு தன் நேரத்தைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். இன்றளவும் உலகமெங்கும் மலையேறுவோர் கையாளும் சூத்திரம் இது.

ஆனால் நெய்ஸ்மித்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எங்கள் மலைக்கு ஒரு பிரயாணத் திட்டம் எழுதப்பட்டுவிட்டது! பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டான மலைபடுகடாம்தான் அது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். 583 அடிகள் கொண்ட இந்தப் பாட்டு, நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லுவதாக அமைந்தது. அதில் வரும் நவிர மலையே இன்றைய பர்வதமலை என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். அம்மலையில் உறைவதாகப் பாட்டில் சொல்லப்படும் தெய்வம் காரியுண்டிக் கடவுள். நஞ்சுண்ட சிவபெருமான் என்று பொருள். இன்றைக்கும் மலையைச் சுற்றியும் செய்யாற்றை ஒட்டியும் உள்ள கோயில்களில் ஈசனுக்குக் கரைகண்டேசுவரர் என்று பெயர் வழங்குகிறது. கறை படிந்த கண்டத்தை உடையவர் என்பதே அது. பெயர் சிறிது மாறியிருக்கிறது, நஞ்சு மாறவில்லை.

அந்தக் கூத்தன் சொல்லும் யோசனைகளைப் பாருங்கள். காட்டுப் பன்றிக்காகப் பொறி வைத்த குழிகள் வழியில் உண்டு. ஆகையால் இருட்டில் நடக்காதீர்கள், விடிந்த பிறகு புறப்படுங்கள் என்கிறான். பாம்புகள் ஒடுங்கிக் கிடக்கும் பள்ளங்களை அறிந்து விலகச் சொல்லுகிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள். மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். பாசி படிந்து வழுக்கும் இடங்களில் எதைப் பிடித்துக் கொண்டு போக வேண்டும், இரவாகிவிட்டால் எந்த மாதிரிக் குகையில் தங்க வேண்டும் என்பதையும் விடவில்லை. வழி தவறிவிட்டால் ஒரு பாறை மேல் ஏறி வாத்தியங்களை வாசியுங்கள். குறவர்கள் சப்தம் கேட்டு வந்து வழி காட்டுவார்கள் என்கிறான். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இது: பாதை பிரியும் இடங்களில் தரையைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். பின்னால் வருகிறவனை முகம் தெரியாமலே நினைத்துப் பார்க்கும் பண்பு அது.

மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவர்கள் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டிராவிட்டால், இந்த வழிகாட்டி நம் கைக்கு எட்டியிருக்குமோ என்னவோ!

இனி எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். இது என் தெருவில் தறி நெய்யும் ஒரு பெரியவரால் முளைத்தது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய தகப்பனார் ஒரு சமயம் பர்வதமலை ஏறி மல்லிகார்ஜுன சுவாமியைத் தரிசிப்பதாக வேண்டிக் கொண்டாராம். பாவு முடியட்டும், பாவு முடியட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிக் கொண்டே போய், ஏறாமலே காலமாகிவிட்டார். அந்த வேண்டுதல் தறியோடும் வீட்டோடும் சேர்த்து மகனுக்கு வந்து சேர்ந்தது. மகனும் முப்பது வருஷமாகப் பாவு முடியட்டும் என்று சொல்லி வந்தார். போன மாதம் வைத்தியர் அவருடைய முழங்காலைப் பரிசோதித்துவிட்டு, தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“ஸார், இந்த வருஷம் இல்லாவிட்டால் இனிமேல் இல்லை. நீங்கள் புஸ்தகம் படித்தவர். ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள்” என்றார்.

“போட்டுக் கொடுப்பதென்ன, அண்ணே, நானும் வருகிறேன்” என்றேன்.

நெசவாளருக்கு விடுமுறை என்று பஞ்சாங்கத்தில் குறித்த நாள் அதிகமில்லை. மழை நாளில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். ஆனால் மழை நாளில் மலைக்குப் போகக் கூடாது. பாக்கி இருப்பது ஒரு பாவு தீர்ந்து மறு பாவு வந்து சேரும் இடைவெளிதான். பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும். அந்த வேலை துவங்குமுன் இரண்டொரு நாள் ஓய்வு கிடைக்கும். கணக்குப் பார்த்ததில் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அகப்பட்டது. மழை ஓய்ந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிராது. பௌர்ணமி அல்லாத நாளாக வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்தேன். பௌர்ணமியன்று மலையில் ஜனக்கூட்டம் நெருங்கும். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும் இடத்தில் கூட்டம் ஓர் ஆபத்து.

வழியை விவரிக்கிறேன். ஆரணியிலிருந்து பஸ்ஸில் போளூர். அங்கிருந்து செங்கம் போகும் சாலையில் தென்மாதிமங்கலம். ரயிலில் போக விரும்புகிறவர்கள் களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு ஸ்டேஷனில் ஏறிப் போளூரில் இறங்கலாம். மலைக்கு ஏற இரண்டு பாதைகள் பெயர் பெற்றவை: ஒன்று தென்மாதிமங்கலத்திலிருந்து, மற்றது கடலாடியிலிருந்து. நாங்கள் முன்னதைத் தேர்ந்து கொண்டோம். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலும், பிரம்மாண்டமான முனிகளின் உருவங்களும் இருக்கின்றன. பிறகு படிக்கட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். படிக்கட்டு முடிந்தால் பிரயாணம் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் ஏமாறுவார்கள். அப்புறம் காட்டுப் பாதையும், கரடுமுரடான பாறைகளும். கடைசியில், செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து இறக்கி, சங்கிலி கட்டி வைத்திருக்கிறார்கள். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று அவற்றுக்குப் பெயர்கள். ஆகாயப் படி என்ற பெயரைக் கேட்டவுடனேயே சிலர் மலையடிவாரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவது உண்டு. சிகரத்தில் மல்லிகார்ஜுன சுவாமியும் பிரமராம்பிகை அம்மையும். பக்தர்கள் தாங்களே சுவாமியைத் தொட்டுப் பூஜை செய்யலாம் என்பது இந்தக் கோயிலின் தனிச் சிறப்பு.

நெய்ஸ்மித்தின் சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டேன். நடைதூரம் ஐந்தாறு கிலோமீட்டர், அதாவது சுமார் மூன்றரை மைல். ஒரு மணி பத்து நிமிஷம். அடிவாரமே கடல் மட்டத்துக்குச் சில நூறு அடி மேலே இருப்பதால் ஏற்றம் சுமார் 3,800 அடி; இரண்டு மணி நேரத்துக்குச் சிறிது குறைவு. ஆக மூன்று மணி நேரத்தில் உச்சியை அடையலாம் என்கிறார் நெய்ஸ்மித். அவர் தேக திடமுள்ள மலையேறிகளை உத்தேசித்துச் சொன்னார். தேய்ந்த முழங்காலையும், நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரை திருத்தும் உபாத்தியாயரின் தொந்தியையும் அவர் உத்தேசிக்கவில்லை. ஆகையால் ஐந்து மணி என்று வைத்தேன். காலை ஆறரைக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு உச்சி. பன்னிரண்டரைக்கு இறக்கம், நாலரைக்கு அடிவாரம். சூரியன் மறைய ஒன்றரை மணி மிச்சம். இரவில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். பன்றிக் குழிகள் இப்போது இல்லாவிட்டாலும் கூத்தன் வார்த்தையை மீறுவானேன்? தவிர, மலையேறும் நேரத்துக்கு வனத்துறையினர் அவ்வப்போது கட்டுப்பாடு விதிக்கிறார்கள். போகிறவர்கள் முன்கூட்டியே அடிவாரத்தில் விசாரித்துக் கொள்ளுவது நலம்.

தண்ணீர் விஷயத்தில் மலையை நம்பக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் என்று தீர்மானித்தோம். ஐந்து பேருக்குப் பதினைந்து லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே பதினைந்து கிலோ. பெரியவரின் மைத்துனர் அபிஷேகத்துக்கு ஐந்து லிட்டர் பால் வேண்டும் என்றார். சுவாமி அரை லிட்டரில் திருப்தி அடைவார் என்று சொல்லிக் குறைத்தோம். புளியோதரை, கடலை உருண்டை, கொஞ்சம் வெல்லம், உப்பு. எல்லாம் மூடி போட்ட பையில். குரங்குகள் கையிலிருப்பதைக் கேட்டு வாங்கும் வழக்கமில்லாதவை. ஆளுக்கொரு மூங்கில் தடி. பிடிப்புள்ள பாதரக்ஷை.

முழங்காலைப் பற்றிப் பெரியவரிடம் ஒன்று எடுத்துச் சொன்னேன். ஏறுவது அவருக்கு அவ்வளவு கடினமாயிராது. வருஷக்கணக்காக மிதியை மிதித்த கால்களும், நாடா ஓட்டிய கைகளும் கடப்பாறையைப் பற்றி ஏற வல்லவையே. இறங்கும்போதுதான் உடம்பின் பாரமெல்லாம் முழங்காலில் விழும். உச்சியில் நிற்பவன் பாதிப் பிரயாணத்தைத்தான் முடித்திருக்கிறான். இதைப் பரீட்சிப்பதற்காக, தை மாதத்துக்கு முன்பே தேவிகாபுரத்துக் கனககிரி மேல் ஒரு முறை ஏறி இறங்கினோம். சிறிய மலை, மேலே கனககிரீசுவரர், கீழே பெரியநாயகி அம்மன். இறங்கி வந்த மறுநாள் பெரியவருக்குக் கால் வீங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூர் சம்பத்கிரியில் நரசிம்மரையும் ஏறிச் சேவித்தோம். அன்று இரவு இலேசாக வலித்ததாம். என்னிடம் சொல்லவில்லை, அவர் மகள் சொன்னாள்.

மகளும் வருகிறாள். கல்லூரியில் படிக்கும் பெண். அவள்தான் எங்கள் திட்டத்தில் ஒரு முக்கியமான ஷரத்தைச் சேர்த்தாள்: பகல் பன்னிரண்டு மணிக்குள் உச்சியை அடையவில்லையானால், எந்த இடத்தில் இருந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும். அப்பாவின் முழங்கால் வழியில் மடங்கினாலும் அப்படியே. மலையில் விபத்துகள் நேர்ந்ததுண்டு; நேரம் கடந்த அவசரமும், களைத்த கால்களும், இருட்டும் ஒன்று சேர்ந்தால் எந்த மலையும் பொல்லாததாகும்.

பெரியவர் இதற்குச் சம்மதிக்கவில்லை. “வேண்டுதலுக்கு மணி பார்ப்பார்களா? அப்பா ஏறாமல் போனார். நான் பாதியில் திரும்பினால் அது அதைவிடக் கேவலம்” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. நான் கூத்தர்களின் கதையைச் சொன்னேன். நெய்ஸ்மித்தைச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றது. மகளும், “அப்படியானால் நீங்கள் போக வேண்டாம், அப்பா” என்று சொல்லிவிட்டாள். திட்டமே கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

தீர்ப்பு வேறொரு இடத்திலிருந்து வந்தது. பெரியவரின் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆயாதான். பட்டு நூலைத் தாரில் சுற்றிக் கொண்டே, இத்தனை நாளும் எங்கள் சம்பாஷணையைக் கேட்டுக் கொண்டிருந்தார்.

“ஏண்டா, வேண்டிக்கொண்டது யார்? உங்கப்பா. அவர் பெண்சாதி நான். எனக்குத் தெரியாததா?” என்று ஆரம்பித்தார். “ஏறி வருகிறேன் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டார். ‘வருகிறேன்’ என்ற வார்த்தையும் அதிலே இருக்கிறது. ஏறிவிட்டு வராதவனை வைத்துக் கொண்டு சாமி என்ன செய்வார்? மலை எங்கேயும் போகாது. உன் கால் போனால் தறி போச்சு. தறி போனால் இவள் படிப்புப் போச்சு. பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணி.”

பெரியவர் தலை குனிந்து கொண்டார். சற்று நேரம் கழித்து, “சரி, அம்மா” என்றார். மகள் உடனே ஒரு மாற்று யோசனை சொன்னாள். ஒரு வேளை திரும்ப நேர்ந்தால், வருகிற மார்கழி முதல் தேதி பர்வதமலையைச் சுற்றி நடக்கும் கிரிவலத்தில் கலந்து கொள்ளலாம். அன்று கரைகண்டேசுவரரே மலையை வலம் வருகிறார். இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை, ஆனால் சமதரை. சுவாமியே ஏறாமல் சுற்றி வருகிற மலையை நாமும் சுற்றி வரலாம் என்றாள். பெரியவர் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு புன்னகை தோன்றியது.

மலையேறுவது உச்சியில் கொடி நாட்டுவதற்கு என்று எண்ணுகிற வழக்கம் நமக்குப் புதிதாக வந்தது. பெருங்கௌசிகனார் பாட்டில் கூத்தர்கள் குழந்தை குட்டிகளோடும் பெண்களோடும் போகிறார்கள். அவர்கள் யாரும் தனியாக முன்னே ஓடவில்லை. எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அத்தனை எச்சரிக்கைகளும். பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருந்தாலும், ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதைப் பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்கிறார். மலைக்குப் போகும் கூட்டத்துக்கும் அதே நியாயம்தான்.

நேயர்களில் யாரேனும் இந்த மலைக்குப் போக நினைத்தால் இந்தத் திட்டத்தைத் தாராளமாக எடுத்துக் கொள்ளலாம். மணிக் கணக்கை மட்டும் தங்கள் கூட்டத்தில் மிக மெதுவாக நடக்கிறவரைக் கொண்டு போட்டுக் கொள்ளுங்கள். கொண்டு போகும் புட்டிகளையும் காகிதங்களையும் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அன்றைய கூத்தர்கள் முடிந்த புல்லை வைத்துவிட்டுப் போனார்கள், நாம் குப்பையை வைத்துவிட்டு வரலாகாது.

எங்கள் பிரயாணம் வருகிற சனிக்கிழமை. பால் அரை லிட்டர், தண்ணீர் பதினைந்து லிட்டர், தடிகள் ஐந்து, கைக்கடிகாரம் ஒன்று. கடிகாரம் மகளின் கையில் இருக்கும் என்று ஆயா உத்தரவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை புதுப் பாவு வந்துவிடும். இழை பிணைக்கப் பெரியவர் தறியருகே இருந்தாக வேண்டும்.